தீர்த்தம் குடித்த ஜீப்

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டியது. ஜீப்பின் ரேடியேட்டர் மூடிக்கு உள்ளே வைக்க ரப்பர் வளையம் வேண்டியிருந்தது. அப்பா டியூபைத் தட்டையாக இழுத்துப் பிடித்துக்கொண்டார். நான் காம்பஸால் கோடு போட்டு, கத்திரியால் வெட்டினேன். விட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. "பரவாயில்லை, அப்பளம் மாதிரிதானே, சூட்டுல விரியும்" என்றார். விரியவில்லை. இன்னொன்று வெட்டினோம். பத்து நிமிட வேலை. 1979 மார்ச், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

அடுத்த வியாழக்கிழமை அவர் இல்லை. இதயம். முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியவில்லை. பழுது கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கும் எனக்கும் தெரியவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய கைமணத்தைப் பற்றிப் பேசினார்கள். அது சரிதான். ஆனால் நான் அந்த ஜீப்பைப் பற்றி எழுத நினைக்கிறேன். அவர் இருந்த ஐம்பத்தேழு வருஷத்தில், நான் பார்த்தவரை, தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தது 1974 தையிலும் மாசியிலும்தான்.

அப்பா பெயர் பாஷ்யம். திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் பதினாலு வயசிலிருந்து தளிகை பண்ணியவர். பெருமாளுக்கு அமுது செய்யும்முன் ருசி பார்க்கக் கூடாது. மோந்து பார்ப்பதுகூடத் தப்பு. அதனால் அவர் எல்லாவற்றையும் காதால் சமைத்தார். பருப்பு வெந்துவிட்டதா, பாகு பதம் வந்துவிட்டதா என்பதைக் கொதிக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவார். நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் காது வேலை செய்தது. மடப்பள்ளி உரிமை மட்டும் பெரியப்பா ராமஸ்வாமியுடையது. அப்பா இரண்டாவது பிள்ளை. கரண்டிகூட அண்ணாவுடையது என்பார்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு புது ஆலையில் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். பாய்லருக்குப் போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பார்க்கிற வேலை. கூட வேலை செய்த சாராளுடன் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். ஆலையில் மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றுவிட்டார். மேனேஜர் துளசிராமன் யாராவது கிடைப்பார்களா என்று எல்லாரையும் கேட்டார். நான் வீட்டில் சும்மா சொல்லிவைத்தேன். அப்பா அன்று மாலையே பெரியப்பாவிடம் போய் மடப்பள்ளி முறையை விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்.

பெரியப்பா ஒரு வாரத்தில் திரும்பி வருவாய் என்றாராம். வந்தாலும் இடம் இருக்காது என்றும் சொன்னாராம்.

துளசிராமனின் நிபந்தனை ஒன்றுதான். ஒரு மாதம் சோதனை. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது நூற்றிருபது பேருக்கான உணவு வாசலுக்கு உள்ளே இருக்க வேண்டும். மூன்று நாள் தாமதமானால் அத்தோடு சரி. அப்பாவுக்குத் திரும்பிப் போக இடமில்லை. போய்ச்சேர ஒரு வண்டி மட்டும் வேண்டும்.

ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ஒன்று சென்னையில் ஏலத்துக்கு வந்தது. அப்பா எடுத்துவிட்டார். தை அமாவாசை அன்று அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்து சொச்சம் கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம். வழியில் மாட்டு வண்டிகள் முந்தியதாகவும், வண்டிக்குப் பெருமாள் மாதிரி நிதானமான சுபாவம் என்றும் தெருவே கூடி நிற்கச் சொன்னார். மறுநாள் ஊத்துக்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருந்த சாலமோன் உள்ளே ஏறிப் பார்த்தார். மலையேற வைத்திருக்கும் கியரில் நாலு சக்கரத்தையும் பூட்டி, தட்டையான ரோட்டில் சென்னையிலிருந்து வந்திருக்கிறார் அப்பா.

"இன்னா ஐயரே, இமயமலைலேர்ந்தா வர்றீங்க?" என்றார் சாலமோன்.

"ஐயர் இல்லப்பா, ஐயங்கார்."

"பேர்லயே கார் வெச்சிக்கினு, ஜீப்பு எதுக்கு வாங்கினீங்க?"

அப்பா அந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர்கள். அந்த ஹாஸ்யத்தை அப்பா ஐந்து வருஷம் எல்லாரிடமும் சொன்னார். சாலமோனிடமேகூடச் சொன்னார்.

வண்டிக்கு வியாதிகள் நிறைய. இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக ஊதும். பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடும். நின்ற பிறகு வேகம் காட்டும் முள் நாற்பதுக்கு ஏறும். அப்பாவுக்கு இதில் எதுவும் குறையாகத் தெரியவில்லை. ஒரு நோட்டில் எழுதி வைத்தார்: "இடது – ஊதும். பிரேக் – துடைக்கும். நின்றால் – ஓடும்." சாலமோன் ஹாரனைச் சரிபண்ண வந்தபோது, திரும்புகிறோம் என்று வண்டியே சொல்வது நல்லதுதானே என்று அப்பா தடுத்துவிட்டார்.

பிப்ரவரி முதல் வாரம் சாப்பாடு போகத் தொடங்கியது. அம்மா மடிசாரோடு பின்னால் உட்கார்ந்து, குழம்புப் பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டு வருவாள். பெரியபாளையம் வழியாக, குண்டும் குழியுமாக. அம்மாவின் பெயர் பங்கஜவல்லி. அதுவரை கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் நடந்தவள். முதல் நாள் ஆலை வாசலில் தலைமுடி எல்லாம் எழுந்து நிற்க இறங்கி, நாளைக்கும் வரலாமா என்று என்னிடம் கேட்டாள்.

முதல் வாரம் தினமும் பன்னிரண்டுக்குள் வந்துவிட்டார்கள். இடது பக்கம் திரும்பினால்தான் ஆலை வாசல். ஹாரன் ஊதிக்கொண்டே ஜீப் வரும். அப்பா மாப்பிள்ளை அழைப்பில் வருகிற மாதிரி இரண்டு பக்கமும் தலையசைப்பார்.

இரண்டாவது வாரம் வண்டி கொதிக்கத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை பெரியபாளையம் தாண்டி நின்றுவிட்டது. முன்பக்கம் ஆவி. பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்தார்கள். வியாழன் பன்னிரண்டு நாற்பத்தொன்று. துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்பா மட்டும் கவலைப்படவில்லை. அவருக்கு விஷயம் சுவாரசியமாக இருந்தது. என்னைத் தனியாக அழைத்து, "இது தண்ணி கொதிக்கற சத்தம் இல்லைடீ. தண்ணின்னா சலசலன்னு கொதிக்கும். இது கொழகொழன்னு, பாகு மாதிரி கொதிக்கறது" என்றார்.

ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அளந்து பார்க்காத எதையும் நம்பாத வயசு. சாலமோன் எஞ்சின் தலையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றிருந்தார். என் எண்ணம் வேறு. உவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், குழாய்க்குள் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. வியாழக்கிழமை ரேடியேட்டர் ஆறியதும் ஒரு குடுவை பிடித்துக்கொண்டு சோதனைக் கூடத்துக்குப் போனேன்.

சுண்ணாம்பு இருந்தது. நான் சொன்னது சரி என்று சாராளிடம் பெருமையடித்தேன். மிச்சத் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி வற்ற வைத்தேன். அடியில் வெள்ளைப் பொடி மிஞ்ச வேண்டும். பழுப்பாகப் பிசுபிசுத்தது, நுரைத்தது, கடைசியில் கரியானது. கூடம் முழுக்க ஒரு வாசனை.

சாராள் திரும்பிப் பார்த்து, "இன்னாடி, ஊட்லேர்ந்து பாயசம் வந்துகீதா?" என்றாள்.

சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரு நீலக் கரைசல் உண்டு. அதோடு சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரை இருக்கும்பட்சத்தில் செங்கல் நிறமாகும். அப்படித்தான் ஆனது. இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் செங்கல்.

ரேடியேட்டரில் சர்க்கரை தானாக வராது. யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பா இந்த வேலையில் தோற்றால் யாருக்கு லாபம்? ஒரு காகிதத்தில் பெயர்கள் எழுதினேன். விட்டுப்போன சாப்பாட்டுக்காரர். ஆலை வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தவர். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, பெரியப்பா. ஆலையில் வைத்துச் சொல்கிற விஷயமில்லை, சனிக்கிழமை வீட்டில் சொல்லலாம் என்று மடித்து வைத்தேன்.

வெள்ளியும் சனியும் அப்பா ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிப் பார்த்தார். வெள்ளி நாலு இடத்தில் நிறுத்தம். சனி ஏழு இடத்தில். சனிக்கிழமை அவர்கள் வாசலுக்குள் வந்தபோது பன்னிரண்டு இருபத்தொன்பது. நாளையும் நிறுத்தங்களையும் வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். கோடு மேலே போனது. திங்கட்கிழமை நேரத்துக்கு வராது. அதோடு முடிந்தது.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது காகிதத்தை எடுத்து வைத்தேன். சோதனையைச் சொன்னேன். செங்கல் நிறத்தைச் சொன்னேன். யாரோ திட்டமிட்டு வெல்லமோ சர்க்கரையோ கலந்திருக்கிறார்கள் என்றேன். பெயர்களைப் படித்தேன். பெரியப்பா பெயர் வந்ததும் அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. முகம் ஒரு மாதிரி ஆனது. அடிபட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அம்மா மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். "ஏன்னா, அந்தக் குடம்" என்றாள்.

"சும்மா இரு."

"எந்தக் குடம்?" என்றேன்.

எங்கள் ஊர்ப் பெருமாள் வைத்தியர். நோய் வந்தவர்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதி கரையும் என்பது நம்பிக்கை. உப்பும் மிளகும் போடுகிறவர்களும் உண்டு. அமாவாசை என்றால் கூட்டம் தாங்காது. தை அமாவாசை அன்று அப்பா வண்டியை ஓட்டிக்கொண்டு நேராகக் குளத்தங்கரைக்குத்தான் போயிருக்கிறார். அத்தனை பேருக்குச் சோறு சுமக்கப் போகிற வண்டி கண்ட தண்ணீரைக் குடிக்கலாமா? முதல் தண்ணீர் தீர்த்தமாக இருக்கட்டும் என்று, ஜனங்கள் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்த அதே படியில் பித்தளைக் குடத்தால் மொண்டு ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார். டிகாக்ஷன் நிறத்தில் இருந்ததாம். வைத்தியரின் தண்ணீர், எவ்வளவு நிறமோ அவ்வளவு நல்லது என்று நினைத்திருக்கிறார். மேலும் இரண்டு குடம் மொண்டு வீட்டில் மூடி வைத்திருக்கிறார். வண்டி கொதிக்கத் தொடங்கியதும் தினமும் அதிலிருந்து எடுத்துப் போய், வழியில் நிற்கும்போதெல்லாம் ஊற்றியிருக்கிறார். மருந்தாக.

தண்ணீர் ஆவியாகப் போகும். வெல்லம் போகாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாகு கெட்டிப்பட்டிருக்கிறது.

"காது சரியாத்தான் சொல்லித்து" என்றார் அப்பா, மெதுவாக. "நான்தான் கேக்கலை."

முதலில் சிரித்தது அம்மா. நான் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. புரையேறி, மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான். அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் காகிதத்தை எடுத்து, பேனாவை வாங்கி, பட்டியலில் நாலாவதாக 'பாஷ்யம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாலமோன் பட்டறை. அவர் மாதாகோயில் பூசைக்குப் போய்விட்டு வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தார். இரண்டு சொட்டு விழுந்து நின்றுவிட்டது. கம்பி விட்டுக் குத்தினார். ஒரு மிளகு வந்து விழுந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பின்னால் பழுப்பாக ஒழுகிய தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"சாமி, இது ரேடியேட்டர் இல்ல. ரசம்" என்றார்.

"சாத்தமுதுன்னு சொல்லு" என்றார் அப்பா.

எஞ்சினைத் திறப்பதா, வேண்டாமா என்று பேச்சு வந்தது. திறந்தால் மூன்று நாள், திங்கட்கிழமை போச்சு. திறக்காமல் உள்ளே ஒட்டியதை எப்படி எடுப்பது? சாலமோன் என்னைப் பார்த்தார். நான் அமிலங்களை யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை. ரேடியேட்டர் பித்தளை. பாகு பிடித்துத் தீய்ந்த பித்தளைப் பாத்திரத்தை வாழ்நாள் முழுவதும் தேய்த்திருக்கிறார். முதலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அப்புறம் பழைய புளி என்றார். வெந்நீரில் வெல்லம் கரையும், புளியில் சுண்ணாம்பு கரையும். கணக்கு சரியாகத்தான் வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அம்மா புளி ஜாடியோடு வந்தாள். பட்டறை அடுப்பில் அண்டா ஏற்றினோம். மூன்று தடவை வெந்நீர் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, இறக்கினோம். பிறகு புளித்தண்ணீரை வடிகட்டி ஊற்றி அரை மணி ஓட்டினோம். சாலை முழுக்கப் புளி வாசனை. ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் நிறுத்தி, சாப்பாடு எவ்வளவு நைனா என்று கேட்டார். சாலமோன் இன்னும் கொதிக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். அப்பா பானெட்டின்மேல் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை உயர்த்தினார். எல்லாரும் பேச்சை நிறுத்தினோம்.

"சலசலங்கறது" என்றார்.

சாலமோன் ரேடியேட்டர் மூடியையும் பார்த்தார். உள்ளே இருந்த ரப்பர் வெடித்திருந்தது. சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிப் போட்டார். வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும் என்றார். போன மாதம் நானும் அப்பாவும் வெட்டியது ஆறாவது.

கிளம்பும்போது அப்பா கோபுரம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டார். நாளைக்கு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் ஒரு கிலோ வெல்லம் கரைப்பதாகச் சத்தமாகவே வேண்டிக்கொண்டார். சாலமோன் வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினால நோவு வந்துச்சோ அத்தயே வேண்டிக்கிறீங்களே சாமி."

"வண்டிக்குத்தான்டா ஆகலை. அவருக்கு ஆகும்" என்றார் அப்பா.

திங்கட்கிழமை நான் அரை நாள் விடுப்பு எடுத்து அவர்களோடு ஜீப்பிலேயே போனேன். முன்சீட்டில், மடியில் தயிர்சாதப் பாத்திரம், கையில் வெப்பமானி. பெரியபாளையத்தில் நிறுத்தி மூடியைத் தொட்டுப் பார்த்தோம். சூடு இருந்தது, கொதி இல்லை. அம்மா பின்னாலிருந்து ஏதோ பாசுரம் முணுமுணுத்தாள். பள்ளம் வந்தபோதெல்லாம் அது அறுந்து அறுந்து வந்தது. கவரைப்பேட்டையில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து போனது. நான் பெட்டிகளை எண்ணினேன். அப்பா ரயில் கார்டுக்குக் கையசைத்தார். கேட் திறந்தபோது பன்னிரண்டு ஐந்து.

ஆலைக்கு இடப்பக்கம் திரும்பினோம். ஹாரன் ஊதியது. திரும்பி முடிந்த பிறகும் ஊதியது. நிற்கவே இல்லை. அப்பா பொத்தானைக் குத்தினார், பிரேக்கை மிதித்தார், வைப்பர் ஆடியது. அம்மா காதைப் பொத்த முடியாமல் குழம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்படியே அலறிக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தோம். நூற்றிருபது பேரும் சாப்பாட்டு மணி என்று நினைத்து வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

துளசிராமன் ஓடி வந்தார். மணி பன்னிரண்டு இருபது. தட்டோடு வரிசை நின்றுவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், கைகளைக் காதில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். நான் ஒயரைப் பிடுங்கினேன். அந்த அமைதியில் அவர், "பாஷ்யம் சாமி, சீக்கிரம் வந்தா தப்புன்னு நான் நிபந்தனையில எழுதல. எழுதியிருக்கணும்" என்றார். அப்பா முதல் தட்டை அவருக்குக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தாமதம் இல்லை. ஐந்து வருஷம். பெரியப்பாகூட ஒருநாள் ஜீப்பில் ஏறிக் கும்மிடிப்பூண்டி வரை வந்தார். தம்பி ஓட்டுகிறான், வண்டி தம்பியுடையது என்று வழியில் யாரிடமோ சொன்னார். அப்பா அன்று முழுவதும் விசிலடித்தார். ஆசாரக் குடும்பத்தில் விசிலா என்று அம்மா கேட்டதற்கு, எஞ்சின் பெல்ட் சத்தம் என்றார்.

வேண்டிக்கொண்ட வாரமே அப்பா வெல்லம் வாங்கினார். ஒரு கிலோ, செய்தித்தாளில் கட்டி, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் சாமான் பெட்டியில் வைத்தார். போகிற வழியில் கரைத்துவிடலாம் என்றார். வந்த அமாவாசைக்கு ஆலையில் பூஜை. இருநூறு பேருக்குச் சாப்பாடு. அடுத்ததற்கு மழை. அப்புறம் ஏதாவது ஒன்று. அம்மா நினைவுபடுத்தினால், இப்போது கரைத்தால் தன்னைப் போல் எவனாவது மொண்டு வண்டியில் ஊற்றிவிடுவான், கூட்டம் குறையட்டும் என்பார். கூட்டம் குறையவில்லை.

போன மாதம் வளையம் வெட்டக் கத்திரியைத் தேடியபோது பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தேடினார். தாள் ஊறிப் பழுப்பாகியிருந்தது. கத்திரி கிடைத்ததும் திரும்பி வாங்கி உள்ளே வைத்தார். வருகிற அமாவாசைக்குக் கட்டாயம் என்றார்.

அந்த அமாவாசை அவர் போன ஆறாம் நாள் வந்தது. பொட்டலம் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. வெயிலில் இளகி இறுகி, பதினாலாம் நம்பர் ஸ்பானர் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.